எட்டுப் பிளஸ், ஒரு மைனஸ்

திரையில் 380 என்று இருந்தது. உலைக்குள் தொள்ளாயிரத்துக்கு மேல் இருந்தது. திரையை நம்பிக் கதவைத் திறந்த இம்மானுவேலுக்கு வலது கை முழங்கை வரை வெந்துபோனது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் மில் அது. இரும்புக் கட்டைகளைப் பழுக்கக் காய்ச்சி உருளைகளுக்குள் விடுவார்கள். உள்ளே கட்டை சிக்கிக்கொண்டால் பர்னரை அணைத்து, சூடு நானூறுக்குக் கீழே இறங்கும்வரை காத்திருந்து, பக்கக் கதவைத் திறந்து கடப்பாரையால் நெம்ப வேண்டும். அன்றைக்கு முதல் தடவை நெம்பியபோது கடப்பாரை முனை பட்டு சென்சார் கேபிள் கழன்றுவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. உலையை மறுபடி பற்றவைத்தார்கள். ஒரு மணி நேரத்தில் இன்னொரு கட்டை சிக்கியது, அணைத்தார்கள். ஷிப்ட் மாறி வந்த இம்மானுவேல் திரையைப் பார்த்தார். ஆறிவிட்டது என்று நினைத்தார்.

மறுநாள் கிறிஸ்டினா மெயின்டனன்ஸ் மேனேஜர் சரவணகுமாரைக் கூட்டிக்கொண்டுபோய் அவர் கண்ணெதிரே கேபிளைப் பிடுங்கிக் காட்டினாள். திரையில் எண் அசையவே இல்லை. ஐந்து நிமிடம் நின்று பார்த்தார்கள். அப்படியே இருந்தது.

கிறிஸ்டினா அந்த மில்லின் எலக்ட்ரீசியன். ஐடிஐ முடித்தவள். வீட்டில் பழைய லேப்டாப் ஒன்றில், உலகெங்கும் தன்னார்வலர்கள் எழுதிப் பராமரிக்கும் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு ஆறு வருடமாக ஓட்டிக்கொண்டிருப்பவள். உலை பேனலுக்குள் இருக்கும் சின்னக் கம்ப்யூட்டரிலும் லினக்ஸ்தான் ஓடுகிறது என்பது அவளுக்குத் தெரியும். தோண்டினாள். சென்சாரிடம் நொடிக்கு ஒருமுறை சூடு என்ன என்று கேட்டு வாங்கிவரும் வேலையை ஒரு சின்ன மென்பொருள் பேக்கேஜ் செய்தது. பதில் வராவிட்டால் அது வாயை மூடிக்கொண்டு பழைய பதிலையே திரும்பக் கொடுத்தது. அவ்வளவுதான் கோளாறு.

"நானே கையால மாத்திப் போட்டுடறேன் சார்," என்றாள் சரவணகுமாரிடம்.

"போட முடியாதும்மா. லினக்ஸ்காரங்க கையெழுத்து இல்லாத பேக்கேஜ அந்தப் பேனல் வாங்காது. பேனல் கம்பெனிக்காரன் சீல் வெச்சிருக்கான். அவங்க அப்டேட்டா வெளியிட்டா போடறோம்னு சொல்றான். அதுவும் வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற ஷட்டவுன்லதான். உலை ஓடறப்போ பேனல நிறுத்த முடியாது."

அந்த பேக்கேஜைப் பார்த்துக்கொள்ள லினக்ஸ்காரர்களிடமும் ஆள் இல்லை. பட்டியலில் அதன் பெயருக்கு எதிரே பொறுப்பாளர் இல்லை என்று போட்டிருந்தது. கிறிஸ்டினா கை தூக்கினாள். அவளைச் சோதித்து, திருத்தி, திட்டி, பொறுப்பை அவள் பெயருக்கு எழுத நான்கு மாதம் ஆனது. அதற்குள் ஜனவரி ஷட்டவுன் வந்துவிட்டது. சனிக்கிழமை பேனல் கம்பெனி ஆள் வருகிறான். திங்கள் காலை ஆறு மணிக்கு உலை பற்றவைக்கிறார்கள். பக்கக் கதவில் நிற்கப்போவது இம்மானுவேல் இடத்துக்குப் போட்டிருக்கும் அவள் தம்பி லோகு. சனிக்கிழமைக்குள் அப்டேட் வெளிவராவிட்டால், அடுத்த ஷட்டவுன் வரை, பன்னிரண்டு மாதம், அவன் அந்தப் பொய்த் திரைக்கு முன்னால்தான் நிற்க வேண்டும்.

புதன்கிழமை மதியம் பன்னிரண்டரைக்கு அவள் திருத்தம் தயாராகிவிட்டது. மூன்று முறை கேட்டும் சென்சார் பதில் சொல்லாவிட்டால் திரையில் நான்கு கோடு வரும், ஹாரன் அடிக்கும். அப்டேட்டைச் சமர்ப்பித்தாள். அது நேராக வெளியே போய்விடாது. முதலில் சோதனைக் கிடங்குக்குப் போகும். அங்கே மூன்று பேர் போட்டுப் பார்த்து பிளஸ் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏழு நாள் கிடக்க வேண்டும். ஏழு நாள் அவளிடம் இல்லை. பொறுப்பாளரின் சொந்த ஓட்டு செல்லாது.

சிப்காட் எலக்ட்ரீசியன்களுக்கும் உலை ஆட்களுக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதில் போட்டாள். "மூணு பேர் டெஸ்ட் பண்ணி பிளஸ் போடணும். நம்ம பேனல் விஷயம்." லிங்க்கையும் சேர்த்தாள்.

பதினோரு நிமிடத்தில் எட்டுப் பிளஸ் விழுந்தது. "சூப்பர்." "செம்மயா ஒர்க் ஆவுது." "கிறிஸ்டினா அக்கா வாழ்க." ஒருவன் மாலை போடும் படம் வைத்திருந்தான்.

மூன்று மணிக்கு அப்டேட்டின் மேல் சிவப்புப் பூட்டு விழுந்தது. பூட்டியவள் வெளியீட்டுக் குழுவில் இருக்கும் இங்க்ரிட். எந்த நாடு என்று கிறிஸ்டினாவுக்குத் தெரியாது. நான்கு மாதமாக அவளைத் திருத்தியவர்களில் ஒருத்தி, வார்த்தையைச் செலவழிக்காதவள். அன்றும் மூன்றே வரி எழுதியிருந்தாள். எட்டு ஓட்டையும் நீக்கிவிட்டேன். நீங்கள் சமர்ப்பித்தது இன்னும் சோதனைக் கிடங்குக்கே வரவில்லை, இந்த எட்டுப் பேர் எதைப் போட்டுப் பார்த்தார்கள்? நம்பத்தக்க அறிக்கைகளைப் படிக்கும்வரை பூட்டைத் திறக்கமாட்டேன்.

கிடங்குக்குச் சரக்கு போவது நாளுக்கு ஒருமுறைதான். நம் கணக்குக்குக் காலை ஐந்தரை. கிறிஸ்டினாவுக்குக் காது சுட்டது. அவளுக்கே தெரிந்த விஷயம், அவசரத்தில் சொல்லாமல் விட்டிருந்தாள்.

ஷிப்ட் விட்டு கேட்டுக்கு வெளியே டீக்கடையில் லோகு சிரித்துக்கொண்டே வந்தான்.

"அக்கா, எட்டு பேரு குத்திட்டோம், பாத்தியா? இன்னும் வோணும்னா சொல்லு. பிஹாரிப் பசங்க பதினஞ்சு பேரு கீறானுங்க, அவனுங்களையும் இட்டாறேன்."

"ஏன்டா, நான் இன்னா கவுன்சிலருக்கா நிக்கிறேன்?"

"இன்னாக்கா ஆச்சு?"

"எந்தக் கேபிளப் புடுங்கிப் பாத்தே?"

"கேபிளா?"

"செம்மயா ஒர்க் ஆவுதுன்னு எழுதிக்கிறியே. எது ஒர்க் ஆச்சு?"

லோகு டீ கிளாசைச் சுற்றினான். "நீ பண்ணா நல்லாத்தான் பண்ணியிருப்பே. அதுக்கு இன்னாத்துக்கு டெஸ்டு?"

"அந்தப் பொட்டலம் இன்னும் கடைக்கே வரலடா. நாளைக்குக் காலைலதான் வருது. வராத பொட்டலத்தப் பிரிச்சுத் துன்னுட்டு ருசி சூப்பர்னு எழுதிக்கீறீங்க, எட்டு பேரும்."

பக்கத்தில் நின்ற பரத் வாயில் இருந்த டீயைத் துப்பிவிட்டான். பக்கத்து மில்லில் எலக்ட்ரீசியன், எட்டில் ஒருவன். மாலைப் படம் போட்டதும் அவன்தான்.

"சிரிக்காத பரத். அந்தப் பொம்பள பூட்டு போட்டுக்கினு ஒக்காந்துகீறா. நம்மளத் திருட்டு ஓட்டுக்காரனுங்கன்னு நெனச்சுக்கினு கீறா. நெனச்சதுல தப்பும் இல்ல."

இந்தப் பகுதியில் ஒருவனுக்கு ஒன்று என்றால் விசாரிக்காமல் கை தூக்குவார்கள். லாரி கவிழ்ந்தாலும், சூப்பர்வைசர் அறைந்தாலும், முதலில் கூட்டம் சேரும், பிறகுதான் விவரம் கேட்பார்கள். அப்படிச் சேர்ந்ததால்தான் பல பேருக்கு வேலை தங்கியிருக்கிறது. அதே பழக்கத்தைத்தான் லிங்க்கிலும் காட்டியிருந்தார்கள். கிறிஸ்டினாவால் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை.

"இப்ப இன்னா பண்ணணும், அத்தச் சொல்லு," என்றான் லோகு.

சொன்னாள். ஸ்டோரில் கிடக்கும் உபரிப் பேனலை எடுத்து மேசையில் வைத்து, காலை ஐந்தரைக்குப் பிறகு சோதனைக் கிடங்கிலிருந்து பேக்கேஜைப் போட வேண்டும். உபரிப் பேனலுக்கு சீல் கிடையாது, அதில் சோதனைச் சரக்கு ஏறும். சென்சாரை மாட்டி, வெந்நீரில் வைத்து, எண்ணைப் பார்க்க வேண்டும். கேபிளைப் பிடுங்க வேண்டும். என்ன வந்தது என்று பார்க்க வேண்டும். திருப்பி மாட்ட வேண்டும். பத்துத் தடவை. பார்த்ததை மட்டும் எழுத வேண்டும்.

"சூப்பர்னு எழுதக் கூடாதா?"

"எழுதினே, தொலைச்சுடுவேன்."

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மெர்சி போன் செய்தாள். திருவள்ளூர் பக்கம் காக்களூர் எஸ்டேட்டில் பட்டறை ஒன்றில் வேலை, இரும்புச் சாமான்களைக் காய்ச்சி இறுகவைக்கும் இடம். அங்கேயும் அதே பேனல், ஆனால் சீல் வைக்காதது. ஐடிஐயில் கிறிஸ்டினாவோடு ஒரே பெஞ்ச். எட்டுப் பிளஸ்ஸில் அவள் இல்லை. அன்றைக்கு அவள் போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது.

"கிறிஸ்டி, பிளஸ் போடலாம்னுதான் கை வெச்சேன். ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதே."

"சொல்லுடி."

"எங்க பேனல்ல ரெண்டு சென்சாரு. மொதல் சென்சாரு ஜோரா கீது. ரெண்டாவதப் புடுங்கினா கோடு வருது, கரெக்டு. திருப்பி மாட்டினா கோடாவே நிக்குது. நம்பரு வரவே மாட்டேங்குது. நாலு வாட்டி பாத்துட்டேன்."

கிறிஸ்டினா தன் திருத்தத்தைத் திறந்து பார்த்தாள். அவர்கள் மில்லில் உலைக்கு ஒரே சென்சார். இரண்டாவதை அவள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"இங்க பாரு, நான் எதுவும் எழுதல. கமுக்கமா உட்டுடறேன். உங்க மில்லுக்கு ஒண்ணுதானே? நீ மொதல்ல வெளிய உட்டுடு, அப்புறமா எங்களுக்கு சரி பண்ணு."

வாய்ப்பு கையருகே இருந்தது. மெர்சி வாய் திறக்காவிட்டால், மற்ற மூன்று பேர் பிளஸ் போட்டால், நாளைக்கே வெளியே போய்விடும். லோகு தப்பித்துவிடுவான். ஆனால் காக்களூரில் கோடு போட்ட திரை கோடாகவே நிற்கும். இரண்டு நாளில் எல்லோரும் அதைப் பழகிக்கொள்வார்கள். ஹாரன் ஒயரைக் கழற்றிவிடுவார்கள். பிறகு கையை நீட்டிச் சூட்டை ஊகித்துக் கதவைத் திறப்பார்கள்.

"மைனஸ் போடுடி."

"அடிப்பாவி. உன் பேரு இன்னாவறது?"

"என் பேரு கெடக்கட்டும். எப்படிப் பண்ணே, இன்னா பாத்தே, அத்தினியும் எழுது. இப்பவே எழுது. ரெண்டு மணிக்குள்ள சரி பண்ணி அனுப்பினாத்தான் ராத்திரிக்குள்ள கட்டி முடிஞ்சு நாளைக்குக் காலைச் சரக்குல ஏறும்."

மெர்சி பன்னிரண்டு வரி எழுதினாள். குழுவில் லோகுவின் குரல்பதிவு பாய்ந்து வந்தது. "காக்களூர் அக்காவுக்கு எங்க மேல இன்னா காண்டு? நாங்க இங்க வெந்து சாவறோம், அவங்க மைனஸ் குத்தறாங்க!" கிறிஸ்டினா அதற்குக் கீழே எழுதினாள்: "நான் சொல்லித்தான் குத்தினா. வாய மூடிக்கினு உன் டெஸ்டப் பண்ணு."

பிழையைக் கண்டுபிடிக்க இருபது நிமிடம். பதில் வராத தடவைகளை எண்ணும் கணக்கு ஒவ்வொரு சென்சாருக்கும் தனியாக இருந்தது. கேபிள் திரும்ப மாட்டியதும் முதல் சென்சாரின் கணக்கை மட்டும் பூஜ்யமாக்கியிருந்தாள். இரண்டாவது அப்படியே நின்றது. திருத்த ஒரே வரி. மாற்றக் குறிப்பில் எழுதினாள்: "இரண்டாவது சென்சாரைத் திரும்ப மாட்டினால் எண் வராத பிழை சரிசெய்யப்பட்டது. கண்டுபிடித்தவர் மெர்சி." வெளியீட்டு எண்ணை ஒன்று கூட்டினாள். இரண்டாவது சென்சாருக்கும் ஒரு சோதனை சேர்த்தாள். அனுப்பினாள்.

அந்தத் திருத்தத்தைக் கம்ப்யூட்டரில் ஏறும் பேக்கேஜாகக் கட்டுவது அவள் லேப்டாப் அல்ல. எங்கோ இருக்கும் நான்கு இயந்திரங்கள், நான்கு வகைக் கம்ப்யூட்டருக்கு நான்கு. அவள் லேப்டாப்பில் சரியாக ஓடியதா என்பது அவற்றுக்குப் பொருட்டே இல்லை. ஒவ்வொரு தடவையும் துடைத்துக் காலியாக்கிய இடத்தில் தொடங்கும். அவள் எழுதிக் கொடுத்த செய்முறையில் இருப்பதை மட்டும் எடுக்கும். கட்டி முடித்துச் சோதனைகளை ஓட்டும். ஒன்று தவறினாலும் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடும்.

மூன்று இயந்திரங்கள் அரை மணி நேரத்தில் பச்சை காட்டின. நான்காவது சின்னப் பலகைக் கம்ப்யூட்டர்களுக்கானது. உலைப் பேனலில் இருப்பது அந்த வகைதான். அதற்கு முன்னால் யாருடையதோ பெரிய பிரவுசர் ஒன்று உட்கார்ந்துகொண்டு நகரவில்லை. நான்கு மணி. ஐந்து மணி. ஆறரைக்கு கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறும்போதும் வரிசையில்தான் நின்றது. லோகு தன் போனிலிருந்து நெட் கொடுத்தான். லேப்டாப் அவள் மடியில் இருந்தது.

"யார் ஊட்டுப் பிரவுசருக்கா இது? இப்பதான் கல்யாண ஊட்டுப் பந்திலே ஒக்காந்த மாதிரி எந்திரிக்கவே மாட்டேங்குது."

"சும்மா இரு."

கவரைப்பேட்டையில் பிரவுசர் எழுந்துகொண்டது. பொன்னேரி தாண்டும்போது அவள் பேக்கேஜின் சோதனைகள் ஓடின. நாற்பத்திரண்டில் நாற்பத்திரண்டு. நான்காவது பச்சை விழுந்தபோது லோகு கத்திய கத்தலில் எதிர் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த மீன்காரம்மா எழுந்து கூடையைப் பிடித்துக்கொண்டார். மீஞ்சூரில் இறங்குவதற்குள் கிறிஸ்டினா மறுபடி சமர்ப்பித்துவிட்டாள். பூட்டு இன்னும் இருந்தது. ஆனால் மெர்சியின் மைனஸுக்குக் கீழே இங்க்ரிட் ஒரு வரி எழுதியிருந்தாள். இப்படிப்பட்ட அறிக்கையைத்தான் கேட்டேன், நாளை இன்னும் மூன்று வரட்டும்.

வெள்ளிக்கிழமை மில்லில் உலைக்குள் கல் அடுக்கும் வேலை நடந்தது. வெளியே ஸ்டோர் மேசையில் லோகு கேபிளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். பரத் தன் மில்லின் உபரிப் பேனலில் செய்தான். மெர்சி காக்களூரில் இரண்டு சென்சாரையும் மாற்றி மாற்றிச் செய்தாள். முதல் பிளஸ் பதினொன்றரைக்கு விழுந்தது, அதுவும் மெர்சியுடையது. இரண்டாவது பரத். வெந்நீர் அவன் கையில் கொட்டியதையும் சேர்த்து எழுதியிருந்தான். லோகு நான்கு மணி வரை அனுப்பவில்லை. கிறிஸ்டினா போய்ப் பார்த்தபோது நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு விரலால் தமிழில் அடித்துக்கொண்டிருந்தான்.

"பத்து வாட்டி போதும்னேனேடா."

"நான் இருபது வாட்டி பண்ணேன். கதவாண்ட நிக்கப்போறது நானு. உனக்கு இன்னா?"

அவன் எழுதியது இது:

"ரெண்டு சென்சாரும் மாட்டிப் பார்த்தேன். இருபது வாட்டி புடுங்கினேன். ஒவ்வொரு வாட்டியும் மூணு எண்றதுக்குள்ள கோடு வந்தது, ஹாரன் அடித்தது. திருப்பி மாட்டியதும் ரெண்டு எண்றதுக்குள்ள நம்பர் வந்தது. பதினாறாவது வாட்டி ஒயர் கையோடு வந்துவிட்டது. அது நான் இழுத்த இழுப்பு, பேக்கேஜ் மேல் தப்பு இல்லை. வேற ஒயர் போட்டு மீதி நாலு வாட்டி பண்ணினேன்."

பிளஸ்ஸை அழுத்தினான்.

ஐந்து மணிக்குப் பூட்டு காணாமல் போனது. இங்க்ரிட், தமிழை எதிலோ போட்டு மொழிபெயர்த்துப் படித்திருக்க வேண்டும், லோகுவுக்குப் பதில் எழுதியிருந்தாள். பதினாறாவது தடவை அறுந்ததை எழுதியதற்கு நன்றி. வெளியீட்டுக்கு அனுமதிக்கிறேன்.

"இன்னாக்கா எழுதிக்கிறா?"

"ஒயர அறுத்ததுக்கு தேங்க்ஸ் சொல்றா."

"நம்ம சூப்பர்வைசர் ஒரு நாளாச்சும் சொன்னானா பாரு," என்றான் லோகு.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு அது கையெழுத்தோடு வெளியே போனது. மில்லுக்குப் பேனல் கம்பெனி விமல் ஒன்பதரைக்கு வந்தான். முழுக்கைச் சட்டை, சின்னப் பெட்டி. பேனலைத் திறந்து அப்டேட் தேடினான். எதுவும் இல்லை.

"வரலையே மேடம்."

"கிளம்பிடுச்சு. மெயின் சர்வர்லேர்ந்து பக்கத்து சர்வருக்கு வந்துக்கினு கீது. கொஞ்சம் நேரம் புடிக்கும்."

"எனக்கு மூணு மணிக்கு ஸ்ரீபெரும்புதூர். பன்னெண்டுக்குக் கிளம்பிடுவேன்."

பத்து, பத்தரை, பதினொன்று. விமல் ஒவ்வொரு தடவை தேடும்போதும் கல் அடுக்கும் ஆட்கள் கை நிறுத்திப் பார்த்தார்கள். லோகு அவனுக்கு இரண்டு டீயும் ஒரு நாஷ்டாவும் வாங்கிக் கொடுத்துவிட்டான், கிளம்பாமல் இருக்க. பதினொன்று நாற்பதுக்கு விமல் மறுபடி தட்டினான். திரையில் ஒரு வரி வந்தது. ஒரே ஒரு அப்டேட். பேக்கேஜ் பெயர், புதிய வெளியீட்டு எண். கையெழுத்து சரி என்றது பேனல். வாங்கிக்கொண்டது.

சரவணகுமார் வந்து நின்றார். "புடுங்கும்மா."

கிறிஸ்டினா கேபிளைப் பிடுங்கினாள். ஒன்று. இரண்டு. மூன்று. எண் அழிந்தது. நான்கு கோடு. ஹாரன் கூரைத் தகரம் அதிர அடித்தது. கல் அடுக்கியவர்கள் கரண்டியால் தகர டிரம்மை அடிக்க ஆரம்பித்தார்கள். சரவணகுமார் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து அந்த மில்லில் யாரும் பார்த்ததில்லை.

"திரும்ப மாட்டு, திரும்ப மாட்டு," என்றார் சரவணகுமார். விமல் கிளம்ப வேண்டியதை மறந்து நின்றான். மாட்டினாள். எண் வந்தது.

விமல் பெட்டியை மூடும்போது போனைப் பார்த்தான். "எங்க பேனல் மொத்தம் நூத்து நாப்பது மேடம், ஒம்பது மாநிலத்துல. இனிமே அப்டேட் போடற இடமெல்லாம் இதுதான் ஏறும்."

"ஏறட்டும்," என்றாள் கிறிஸ்டினா. மெர்சிக்குப் போன் போட்டாள். மெர்சி எடுத்ததும் சொன்னது, "எங்களுக்கு வேற சர்வரு, காலைலயே வந்துடுச்சு, போட்டாச்சுடி. மொதலாளி ஊட்டம்மா வேற வந்து ஹாரன் இன்னாத்துக்குன்னு கேட்டாங்க. உன் பேரச் சொன்னேன்."

திங்கள் காலை ஆறு மணிக்கு உலை பற்றவைத்தார்கள். பத்து மணிக்கு முதல் கட்டை உள்ளே போனது. பதினொன்றேகாலுக்கு ஒன்று சிக்கியது. பர்னரை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஐந்நூறு, நானூற்று எழுபது. தயாராக நிற்க லோகு கடப்பாரையை எடுத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தபோது அதன் பின்முனை கேபிளில் மாட்டி இழுத்தது.

ஹாரன் அலறியது.

"கோடு! கோடு வருதுடா! கையெடு, எல்லாம் தள்ளு!" லோகுவே கத்தினான். ஆறு பேரும் பின்னால் நகர்ந்தார்கள். ஒருவரும் கதவைத் தொடவில்லை. பேனல் அறையிலிருந்து கிறிஸ்டினா ஓடிவந்தாள். பார்த்தாள். கேபிள் தரையில் கிடந்தது. தம்பி கடப்பாரையை ஊன்றிக்கொண்டு பத்தடி தள்ளி நின்றான், பல்லெல்லாம் தெரிய.

"இருபத்தோராவது வாட்டிக்கா," என்றான். "இதுக்கும் பிளஸ் போட்டுக்கோ."

அவள் குனிந்து கேபிளை மாட்டினாள். இரண்டு எண்ணுவதற்குள் 452 வந்தது. நானூறுக்குக் கீழே இறங்க இன்னும் பதினைந்து நிமிடமாவது ஆகும் என்றாள். ஆட்கள் கடப்பாரைகளைச் சாய்த்துவைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போனார்கள்.